துளிர்ச்சாமியின் கண்ணாடித் தொட்டி

உலகத்துச் சாமிகள் கல்லில் இருந்தார்கள், செம்பில் இருந்தார்கள், கண்ணாடி போட்ட படத்தில் இருந்தார்கள். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் எழுந்தருளியிருந்த சக்தி மட்டும் மீன் தொட்டியில் இருந்தது. தொட்டியில் மீன் கிடையாது. மரக்கட்டைகள் கிடந்தன. அந்தக் கட்டைகளைப் பார்க்கத்தான் ஊவா மாகாணமே திரண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தோட்டத்துப் பாதையில் கால் வைக்க இடமிருக்காது. வெலிமடை வேன்களின் கூரையில் காணிக்கைக் கரட்டும் லீக்ஸும் ஆடிக்கொண்டு வரும். கொஸ்லந்தை சனம் லொறியில் நின்றுகொண்டே வரும். பதுளை டவுன்காரர்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள். அவர்கள் காரில் வந்து ஏமாந்தார்கள். வழி நெடுக வடைக்கடை, மஞ்சள் துணிக்கடை. வீட்டிலிருந்து கட்டை கொண்டுவர மறந்தவர்களுக்காகக் கட்டைக்கடை ஒன்றும் இருந்தது. பக்தி என்று வந்துவிட்டால் விறகுக்கும் விலை ஏறிவிடும்.

அற்புதம் இதுதான். பிள்ளை இல்லாத பெண் தன் தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலையின் அடிக்கட்டையில் ஒரு துண்டு கொண்டுவர வேண்டும். துளிர்ச்சாமி அதைத் தொட்டித் தண்ணீரில் இடுவார். அவளுக்கு வரம் உண்டென்றால் பட்ட கட்டை பச்சை இலை விடும். இல்லையென்றால் மொட்டையாகவே கிடக்கும்.

கேட்கிற நமக்குச் சிரிப்பு வரலாம். தோட்டத்துச் சனத்துக்கு வரவில்லை. காரணம், அவர்கள் கவ்வாத்து பார்த்தவர்கள். தேயிலையை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிட்டால் செத்த கட்டை மாதிரிதான் நிற்கும். கொஞ்ச நாளில் அதே கட்டை முழுக்கக் கொழுந்து. வருசா வருசம் கண்ணால் பார்ப்பதைச் சாமி தண்ணீருக்குள் செய்கிறார், அவ்வளவுதானே என்று நினைத்தார்கள். கவ்வாத்துக் கட்டைக்கு மண்ணுக்குள் வேர் இருக்கிறது, சாமியின் கட்டைக்கு இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பக்தி பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டது.

துளிர்ச்சாமியின் பழைய பெயர் ரெங்கசாமி. பெயரில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. கொழும்புக்குப் போய்ப் பல வருசம் இருந்துவிட்டுத் தாடியோடு திரும்பினார். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. தாடி வைத்தவனிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை. எந்நேரமும் வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டியபடி சின்முத்திரை பிடித்திருப்பார். சோறு உண்ணும்போதுகூட முத்திரை கலையாது என்று பக்தர்கள் மெய்சிலிர்த்தார்கள்.

யசோதினி தன் கட்டையை முதல்முறை கொண்டுவந்தபோது மாமியார் இராக்கம்மா முன்னால் நடந்தாள், புருசன் துஷாந்த் பின்னால் நடந்தான். கலியாணமாகிச் சில வருசம் ஆகியும் மடி நிறையவில்லை என்பது லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்த விசயம். பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் அவளைச் சோதித்துவிட்டு, உங்களிடம் குறை ஒன்றும் தெரியவில்லை, அடுத்த முறை உங்கள் கணவரையும் கூட்டிவாருங்கள் என்றார். "எனக்கென்ன நோயா?" என்று துஷாந்த் கேட்டான். அத்தோடு கிளினிக் முடிந்தது, சாமி தொடங்கியது.

சாமி மஞ்சள் துணியைப் பிரித்து எல்லோர் முன்னிலையிலும் கட்டையைத் தொட்டியில் போட்டார். கட்டை மிதந்தது.

"பாத்தீங்களா? பாவம் கூடிப்போச்சு. அமிழ மாட்டேங்குது."

இராக்கம்மா மருமகளை முறைத்தாள். யசோதினி கூச்சத்தில் குனிந்துகொண்டாள். அதே காலையில் அங்கே வந்த எல்லாக் கட்டையும் மிதந்தது; எல்லாப் பெண்களும் பாவிகள் ஆனார்கள். காய்ந்த மரம் தண்ணீரில் மிதக்குமா அமிழுமா என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும். அன்று அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரும் இல்லை போலும்.

"உள்ளே வெச்சு ஊறப்போடணும். பாவம் கரையக் கரையத் தண்ணி செவக்கும். கட்டை அமிழும். அதுக்கப்புறம் துளிரு. யாரும் தொடக்கூடாது. தொட்டவ கை அழுகிப்போயிரும்."

யசோதினிக்கு ஒரு சந்தேகம் நெடுநேரமாக நாக்கு நுனியில் நின்றது. கேட்டே விட்டாள்.

"சாமி, ஆம்பளைங்களுக்குக் கட்டை வெச்சுப் பாக்குறதில்லீங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமி கண்ணை மூடினார்.

"வெதையில குத்தமே இருக்காது தாயி. நெலத்தத்தான் பாக்கணும்."

ஆண்கள் எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். கடையில் கரட் விதை வாங்கினால் பக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிற ஆண்கள் இவர்கள்.

தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்குச் சிவந்தது. கட்டைகள் அமிழ்ந்தன. குறித்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மறைத்திருந்த திரை விலகியது. வசதியான வீட்டுக் கட்டைகளில் தடித்த கரும்பச்சை இலைகள் தளதளவென்று நின்றன. இலையின் அடியில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. "விபூதி! தானா சுரந்த விபூதி!" என்றார் சாமி. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோழி ஒன்றை மட்டும் காணிக்கை கொடுத்திருந்த யசோதினியின் கட்டை மொட்டையாக இருந்தது.

"பட்ட கட்டை," என்றார் சாமி. அவர் பார்த்தது கட்டையை அல்ல, அவளை.

அன்று இரவே இராக்கம்மா கொஸ்லந்தையில் ஒரு பெண் இருப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். குடும்பம் தழைக்க வேண்டும், இவளை மரியாதையாக அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள். துஷாந்த் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தான். செருப்பில் அப்படி என்ன எழுதியிருந்ததோ தெரியவில்லை, நெடுநேரம் படித்தான்.  இந்த மனுசனுக்காகவா விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டோம் என்று யசோதினிக்கு இருந்தது. ஆனாலும் அவள் அவனை விட்டுப் போக விரும்பவில்லை. அவன் நல்லவன்தான், முதுகெலும்பு மட்டும் இன்னும் துளிர்க்கவில்லை.

சாமி இரக்கமுள்ளவர். பெரிய காணிக்கையோடு வந்தால் இரண்டாவது தடவையும் கட்டை வைப்பார். "இன்னொரு தடவை பாப்போம் அத்தை. அப்பவும் மொட்டைனா நானே போயிர்றேன்," என்று யசோதினி கெஞ்சினாள். இராக்கம்மா சம்மதித்தாள்.

காதுத் தோட்டை அடகு வைத்துக் கிடாய் வாங்கத்தான் அவள் பதுளைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் வழியில் ஒரு மீன் தொட்டிக் கடை. கண்ணாடிக்குள் ஒரு கட்டை. கட்டையின் மேல் தடித்த கரும்பச்சை இலைகள். இலையின் அடியில் விபூதி. சுற்றிலும் நாலைந்து தங்க மீன்கள் பக்தியில்லாமல் நீந்திக்கொண்டிருந்தன.

யசோதினி அப்படியே நின்றுவிட்டாள். கைகூட ஒரு கணம் கும்பிடப் போனது. பிறகு கடைக்குள் நுழைந்தாள்.

கடைக்கார ஜெமீலா தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன புள்ள, மீனா, செடியா?"

"அக்கா, இந்தக் கட்டை... இது எப்படித் துளிர்த்திச்சு?"

ஜெமீலா சிரித்த சிரிப்பில் மீன்களே ஓரமாக ஒதுங்கின. "கட்டை துளிர்க்கிறதா? இது தனிச் செடி புள்ள. அனுபியாஸ்னு பேரு. மண்ணுக்குள்ள நட்டா இதோட தண்டு அழுகிப்போகும். அதனால கட்டையில நூலால கட்டி விடுவோம். கொஞ்ச நாள்ல வேர் விட்டுக் கட்டையப் புடிச்சுக்கும். அவசரக்காரங்க ஒரு சொட்டு சூப்பர் குளூ போட்டு ஒட்டிருவாங்க."

"இந்த விபூதி?"

"என்ன விபூதி? அது குளூ. தண்ணி பட்டா வெள்ளையாப் போகும்."

"தண்ணி செவக்கிறது?"

"எந்தக் கட்டைய ஊறப்போட்டாலும் சாயம் எறங்கும். முதல்ல மிதக்கும். ஊறினா அமிழும். நீங்க தேயிலைத் தோட்டத்துப் புள்ளதானே? தேயிலைக் கட்டைதான் தொட்டிக்கு நல்ல அழகு, கொழும்புல நல்லா ஓடும்." ஜெமீலா கையைத் துடைத்துக்கொண்டாள். "அது சரி, உங்க லுணுகலைப் பக்கம் ஒரு தாடிக்காரர் இருக்காரு. முந்தி கொழும்புல மீன் தொட்டிக் கடையிலதான் வேலையாம். மாசா மாசம் பெட்டி நெறைய இந்தச் செடிதான் வாங்குறாரு. ஒரு மீனு வாங்கினதில்ல. அவ்வளவையும் எங்கதான் வைக்கிறாரோ!"

எங்கே வைக்கிறார் என்று யசோதினிக்குத் தெரியும். பெண்களின் தலையில் வைக்கிறார்.

அவளுக்கு வந்த கோபத்தில் பதுளையிலிருந்து நடந்தே போயிருப்பாள். ஆனால் வெறும் கோபத்தோடு போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? இலை வராத வயிற்றெரிச்சலில் சாமியைப் பழிக்கிறாள் என்பார்கள். அதனால் தோட்டை அடகு வைத்துக் கிடாயையே வாங்கிக்கொண்டு போனாள். ஒரு பொய்யைப் பிடிக்க ஒரு கிடாய் செலவு; அதற்குப் பிறகு அந்தக் கிடாயை எப்படியாவது மீட்டுவிடுவது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

லயத்துக் கோடியில் துஷாந்தின் பழைய மம்பட்டி பிடி உடைந்து கிடந்தது. பிடியில் ஒரு சாண் துண்டை அறுத்து, தண்ணீர் ஓடும் கானில் ஊறப்போட்டாள். பாசி பிடித்துக் கறுத்ததும் மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிடாயைக் கண்ட சாமி கட்டையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

குறித்த ஞாயிறு வந்தது. திரை விலகியது. கிடாய்க்கு ஏற்ற மாதிரி மற்ற எல்லோருடையதையும்விடப் பெரிய இலைகள் யசோதினியின் கட்டையில் நின்றன.

"திறந்திருச்சு!" என்று சாமி கூவினார். "இந்தத் தாயோட கருப்பை திறந்திருச்சு!"

கூட்டம் அரோகரா போட்டது. இராக்கம்மா கண்ணீர் விட்டாள். யசோதினி முன்னால் வந்தாள். 

"சாமி, இது தேயிலைக் கட்டை இல்ல. என் புருசனோட மம்பட்டிப் பிடி. லுணுகலைக் கடையில வாங்கினது. அப்ப யாரோட கருப்பை தெறந்திருக்கு? அவரோடதா?"

 சாமி தொலைந்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு நம் சனத்தைத் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் நெகிழ்ந்துபோய்க் கத்தினார்.

"மம்பட்டிப் பிடியே துளிர்க்குதுன்னா சாமிக்கு எம்புட்டுச் சக்தி!"

அரோகரா! இந்த முறை முன்னதைவிடச் சத்தம் கூடுதல். சிலர் தங்கள் மம்பட்டிகளை எடுத்துவர ஓடினார்கள் என்றும் கேள்வி.

யசோதினிக்கு அழுகையே வந்துவிட்டது. கிடாயும் போய், தோடும் போய், பொய்க்கு இன்னொரு பட்டாபிசேகம் நடத்திவைத்துவிட்டோமே என்று இருந்தது. சாமிக்கு உயிர் திரும்பியது. உயிர் திரும்பியவுடன் விசமும் திரும்பியது.

"தெய்வத்தச் சோதிச்சவ இவ. கொடுத்த வரம் திருப்பி எடுத்தாச்சு. இவள இனி எந்த வீட்டுல வெச்சாலும் அந்த வீடு பட்டுப்போகும்."

இராக்கம்மா மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, இப்பவே ஒங்க ஆத்தா வீட்டுல விட்டுட்டு வாறேன்."

யசோதினி கையை உதறவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்த கை அது. தோட்டத்தில் அதற்கு ஈடு இன்னொரு கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே கொழுந்து எது, முத்தல் எது, வளர்ச்சி நின்ற வங்கி எது என்று சொல்லிவிடும்.

"போறேன் அத்தை. ஒரே ஒரு தடவை இத நீங்க கையால தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க கொழுந்தெடுக்காத மலை இந்தத் தோட்டத்துல இல்ல. இது கட்டையில முளைச்ச துளிருதான்னு நீங்க சொன்னீங்கன்னா, நான் வீட்டுக்குக்கூட வரல, இங்கேயிருந்தே பஸ் ஏறுறேன்."

கூட்டம் இராக்கம்மாவைப் பார்த்தது. அவளுக்கு மருமகள் மேல் பிரியமில்லை. ஆனால் தன் கையின் மேல் நிறையப் பெருமை உண்டு.

"தொடாத! கை அழுகிப்போகும்!" சாமி இடையில் பாய்ந்தார்.

இராக்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அட்டை கடிச்சு அழுகாத கை. மருந்தடிச்ச மலையில கொழுந்தெடுத்து அழுகாத கை. மழையிலயும் பனியிலயும் ஊறி அழுகாத கை. இந்தத் தொட்டித் தண்ணியிலயா அழுகிப்போகும்? தள்ளுங்க சாமி."

கட்டையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். இலையின் அடியில் விரலை விட்டாள். பழக்கதோசத்தில் ஒரு கிள்ளு. கொழுந்து என்றால் காம்பில் ஒடிய வேண்டும். இது ஒடியவில்லை. இலை, தண்டு, வால் மாதிரித் தொங்கும் வேர், எல்லாம் சேர்ந்து ஒரே பிடியாகக் கையோடு வந்துவிட்டது. விபூதியை நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு காய்ந்து கல்லானது மாதிரி அது அசையவில்லை. செடி இருந்த இடத்துக்குக் கீழே ஆணி அடித்த ஓட்டை ஒன்றும், துஷாந்த் கம்பி காய்ச்சிச் சுட்ட 'து' என்ற எழுத்தும் இருந்தன. அதன் மேல்தான் கருப்பை திறந்திருந்தது.

இராக்கம்மா மகனின் எழுத்தை விரலால் தடவினாள். உண்மையைச் சொன்னால் தன் வாயாலேயே தன்னை ஏமாளி என்று சொல்ல வேண்டும். அதை அவள் சொன்னாள் என்பதற்காக மட்டும் நான் அவளை மதிக்கிறேன்.

"இது முளைச்சதில்ல. ஒட்டுனது."

அவ்வளவுதான். அத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கொழுந்துக்காரிகள் தொட்டிக்குள் கை விட்டார்கள். ஒருத்தி கிள்ள, இன்னொருத்தி கிள்ள, வரங்கள் எல்லாம் வேரோடு வந்தன. நாலைந்து பேர் தொட்டிக்குப் பின்னாலிருந்த திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அங்கே நூல்கண்டு, வரிசையாகச் சூப்பர் குளூ டியூப், ஜெமீலாவின் கடைப் பெட்டி நிறைய அடுத்த வார வரங்கள். கொஸ்லந்தையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் எதையும் தொடாமல் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய தங்கச்சியை மொட்டைக் கட்டையைக் காட்டித்தான் புருசன் வீட்டிலிருந்து துரத்தியிருந்தார்கள். அந்தப் புருசனுக்கு இப்போது வேறொருத்தியோடு கலியாணமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே கதை சொல்கிற எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

சாமி நழுவப் பார்த்தார். யசோதினி வழியை மறித்தாள். "சாமி, அந்த முத்திரையக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க."

சாமி முயன்றார். முடியவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் சூப்பர் குளூவில் ஒன்றாகிக் கிடந்தன. வேலை அதிகமான வாரங்களில் அப்படித்தான் ஆகுமாம். பிறகு பொலிஸ் வந்து கைரேகை எடுக்கப் பார்த்தபோதும் ஞானமுத்திரை கலையவில்லை. பின்கட்டில் கட்டியிருந்த கிடாயை யசோதினி அவிழ்த்துக்கொண்டாள். அது அதுவரை எந்த வரமும் தராமல் நேர்மையாக இலை தின்றுகொண்டிருந்தது.

மம்பட்டிப் பிடிக்கு அரோகரா போட்ட பெரியவர் பஸ்ஸில் ஏறும்போதே, வெலிமடைப் பக்கம் எலுமிச்சம்பழத்தில் பதில் சொல்கிற சாமி ஒருவர் வந்திருக்கிறாராமே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கிடாயை இழுத்துக்கொண்டு மூன்று பேரும் லயத்துக்கு ஏறினார்கள். மகனுக்குப் பார்த்துவைத்திருந்த கொஸ்லந்தைப் பெண்ணைப் பற்றி இராக்கம்மா பேச்செடுக்கவில்லை. பாதி ஏற்றத்தில் யசோதினி நின்றாள்.

"செவ்வாக்கெழமை பதுளையில கிளினிக் இருக்கு. டொக்டர் அவரையும் வரச் சொன்னாரு. அவரு வந்தா நான் இந்த வீட்டுல இருக்கேன். வரலைனா என்னைய யாரும் கொண்டுபோய் விட வேணாம், நானே போயிக்குவேன்."

துஷாந்த் செருப்பைப் பார்க்கக் குனிந்தான். "டேய், நிமிந்து பாருடா," என்றாள் இராக்கம்மா. பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. "ஆனாலும் யசோ, செவ்வாக்கெழமை நல்ல காரியம் தொடங்குறது ஆகாதேடி..."

"நாம சாமிகிட்ட கட்டை கொண்டுபோனது நல்ல நாள் பாத்துத்தான அத்தை?"

இராக்கம்மா இரண்டு எட்டு நடந்தாள். நின்றாள். மகன் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாக்கெழமை காலையில வேலைப் பெரட்டுக்குப் போகாத. மொத பஸ்ஸுல கிளினிக்குக்குப் போற. நானும் வருவேன், நீ பாதி வழியில எறங்கிராம பாத்துக்கிறதுக்கு."

டொக்டர் என்ன சொன்னார் என்பது அந்த வீட்டுச் சமாச்சாரம், நமக்கு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ராகுகாலத்துக்குக் கலண்டரில் கட்டம் போட்டிருக்கிறார்கள், எமகண்டத்துக்கும் போட்டிருக்கிறார்கள். யோசிப்பதற்கு மட்டும் கட்டம் போட மறந்துவிட்டார்கள். அதனால் அதை எந்த நேரத்திலும் செய்யலாம், மகாசனங்களே. இப்போதே தொடங்கினாலும் குற்றமில்லை.